குட்டி முடிக்குப் பூ ஜடை: தலையில் தைக்காதீர்கள், தனியே தைத்து மாட்டுங்கள்

"மகளுக்கு 5 வயது, முடி தோள் வரைதான். நவராத்திரிக்குப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நாலு வீட்டுக் கொலுவுக்குப் போகணும், அதுக்குப் பூ ஜடைதான் வேணும்னு ஒரே பிடியாக நிற்கிறாள். பார்லருக்கு அழைத்துப் போகாமல் அப்பா நானே வீட்டில் போட்டுவிட முடியுமா? எனக்குத் தெரிந்தது இரட்டை ஜடை மட்டும்தான். சவுரி வைக்கலாமா? பத்து நிமிஷம்கூட ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். இதில் 2 வயதுத் தங்கை வேறு எனக்கும் என்கிறாள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். இரட்டை ஜடை போடத் தெரிந்த கைக்கு இது பெரிய விஷயமே இல்லை, சொல்லப்போனால் தலையில் செய்யவேண்டிய வேலை இரட்டை ஜடையைவிடக் குறைவு. நான் கல்யாணம், வளைகாப்பு என்று பூ ஜடை தைத்துக் கொடுப்பவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பூ ஜடை என்றதும் எல்லார் மனத்திலும் வருவது, பெண்ணை மணிக்கணக்கில் உட்காரவைத்து, பின்னிய ஜடையிலேயே ஊசி நூலை விட்டு மொட்டு மொட்டாகத் தைப்பதுதான். கல்யாணப் பெண்ணுக்கு அது சரி, பொறுமையாக இருப்பாள், முடியும் கனம் தாங்கும். குழந்தைக்கு அப்படிச் செய்யவே கூடாது. திடீரென்று திரும்புகிற தலைக்குப் பக்கத்தில் ஊசியோடு உட்காருவது ஆபத்து, அது ஒன்று. பூ முழுவதின் கனமும் பிடரியில் இருக்கிற மெல்லிய முடியில் போய்த் தொங்கும், அது இன்னொன்று. ஆகவே ஜடையைத் தனியாக ஒரு பட்டையில் தைத்து முடித்துவிட்டு, தலையில் ஒரு சின்னக் குடுமி போட்டு, அதில் கொண்டுபோய் மாட்டிவிடுவதுதான் வழி. தையல் வேலை எவ்வளவு நேரம் பிடித்தாலும் பிடிக்கட்டும், பிள்ளை அப்போது விளையாடிக்கொண்டிருப்பாள். அவள் உங்கள் முன்னால் உட்காரவேண்டியது கடைசிப் பத்து நிமிஷம் மட்டும்தான்.

முதலில் பட்டை. அந்தக் காலத்தில் வாழைப்பட்டையில் தைப்பார்கள், இன்றும் தைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பச்சை வாழைப்பட்டையை ஊசியால் குத்தினால் சாறு கசியும், வாழைக்கறை பட்டுப்பாவாடையில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிச் செய்பவர்களும் உண்டு. பார்க்க விறைப்பாக நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பூவின் ஈரத்தில் ஊறித் தொளதொளவென்று ஆகிவிடும், அதோடு குழந்தை குனிந்தால் ஜடை வளையாமல் மட்டை மாதிரி நிற்கும். நான் சொல்வது துணிப் பட்டை. கறுப்புப் பருத்தித் துணி இரண்டு மடிப்பு, நடுவில் தையல்காரர்கள் காலருக்கு வைக்கும் கேன்வாஸ் துணி ஒரு மடிப்பு. கேன்வாஸ் கிடைக்காவிட்டால் கிழிந்த ஜீன்ஸ் கால் போதும், ஊசி இறங்கக் கொஞ்சம் மல்லுக்கட்டும், அவ்வளவுதான். கறுப்புதான் வேண்டும், ஏனென்றால் பூவுக்கு நடுவில் இடைவெளி விழுந்தாலும் முடிபோலத் தெரியுமே தவிரத் துணி என்று தெரியாது.

அளவு எடுப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நிற்கவைத்து முழங்கால் மடிப்பு வரை அளந்து நீளமாகச் செய்துவிடுவார்கள், பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் ஜடை முனையின் மேலேயே உட்காருவாள், தலை பின்னால் வெடுக்கென்று இழுபடும், அத்தோடு அழுகை. தரையில் சம்மணமிட்டு உட்காரவைத்து, காதின் மேல்நுனி உயரத்தில் பின்மண்டையிலிருந்து இடுப்புக்குச் சற்று மேல் வரை நூல் பிடித்துப் பாருங்கள். 5 வயதுப் பிள்ளைக்குச் சாதாரணமாக 30 செ.மீ. பக்கம் வரும். குஞ்சலம் தொங்கவிடுவதாக இருந்தால் அதன் நீளத்தையும் இந்த அளவுக்குள்ளேயே அடக்கவேண்டும், அதாவது பட்டை 22, குஞ்சலம் 8 என்ற மாதிரி. அகலம் மேலே 5 செ.மீ., கீழே போகப்போகக் குறைந்து 3 செ.மீ. இந்தக் குறுகல் இருந்தால்தான் ஜடை போலத் தெரியும், ஒரே அகலமாக விட்டால் மாலையை வெட்டி மாட்டிய மாதிரி இருக்கும். மேல் ஓரத்தில், இரண்டு மூலையிலும் சாட்டின் நாடா ஒவ்வொன்று, கைச்சாண் நீளத்துக்கு, கெட்டியாக இரண்டு முறை போட்டுத் தைத்துவிடுங்கள். மொத்த ஜடையும் தொங்கப்போவது அந்த இரண்டு நாடாவில்தான்.

இனிப் பூ. சுலபமான வழியை முதலில் சொல்கிறேன், முதல் தடவை செய்கிற உங்களுக்கு இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். பூக்காரம்மாவிடம் நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம் இரண்டு முழம், கனகாம்பரம் ஒரு முழம் வாங்குங்கள். (முழம் என்பது அவரவர் கை அளவு, பண்டிகை நாளில் அந்தக் கை இன்னும் கொஞ்சம் குட்டையாகிவிடும், அதனால் ஒரு முழம் கூடவே வாங்கி வையுங்கள்.) பட்டையின் இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில் மல்லிகை, நடுவில் கனகாம்பரம், அவ்வளவுதான் டிசைன். சரத்தைப் பட்டைமேல் வைத்து, பூவில் ஊசி ஏறாமல் நாரின் மேலாக மட்டும் நூலை எடுத்துப்போய் இரண்டு விரற்கடைக்கு ஒரு தையல். வெள்ளை, ஆரஞ்சு, வெள்ளை என்று மூன்று கோடு. அரை மணியில் முடிந்துவிடும், தூரத்திலிருந்து பார்த்தால் பார்லர் ஜடைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சரத்தை நீளவாக்கில் வைக்காமல் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வளைத்து வளைத்தும் தைக்கலாம், அடர்த்தியாக இருக்கும், பூ இன்னும் ஒரு முழம் பிடிக்கும், கனமும் ஏறும்.

கொஞ்சம் மெனக்கெடத் தயார் என்றால் மொட்டுத் தையல். உதிரி மொட்டு வாங்கி, ஒரே அளவு மொட்டாகப் பொறுக்கிக்கொண்டு, கீழ் முனையிலிருந்து தொடங்குங்கள். மொட்டின் தலை கீழ்ப்பக்கம், காம்பு மேல்பக்கம் இருக்கும்படி ஒரு வரிசை படுக்கவைத்து, காம்பில் மட்டும் ஊசியைக் கோத்துப் பட்டையோடு சேர்த்துத் தைக்கவேண்டும். அடுத்த வரிசை அதற்கு மேலே, முதல் வரிசையின் காம்பு மறையும்படி. ஓடு வேய்கிற மாதிரிதான், கீழிருந்து மேலே போகவேண்டும், மேலிருந்து ஆரம்பித்தீர்கள் என்றால் ஒவ்வொரு வரிசையிலும் பச்சைக் காம்பு பல்லிளித்துக்கொண்டு நிற்கும். மொட்டின் வெள்ளைப் பாகத்தில் ஊசி ஏறினால் அந்த இடம் சீக்கிரமே பழுப்பாகிவிடும், அதனால்தான் காம்பு, காம்பு என்று சொல்கிறேன். நான்கு வரிசைக்கு ஒரு வரிசை ரோஜா இதழை இரண்டாக மடித்துத் தைத்தால் சிவப்புப் பட்டை பட்டையாக வரும். நூல் கறுப்பு வேண்டாம், வெள்ளையே போடுங்கள், இரட்டை நூலாக. நுனியில் மெல்லிய நீள ஊசி, மாலை கட்டுகிறவர்கள் வைத்திருப்பது, கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சாதாரணத் தையல் ஊசி.

எந்தப் பூ என்பதில் எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. குழந்தைக்குக் கனகாம்பரத்தை மிஞ்சின பூ கிடையாது. எடையே இல்லை, வாசனையும் இல்லை, மல்லிகை சுருண்டு போனபிறகும் அது நிறம் மாறாமல் நிற்கும். வாசனையே இல்லாத பூ எதற்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் மல்லிகை வாசம் தலையிலேயே மணிக்கணக்கில் இருந்தால் சில பிள்ளைகளுக்குத் தலை வலிக்கும், தும்மல் வரும், அவர்களுக்கு முழு ஜடையும் கனகாம்பரத்தில் செய்து ஓரத்தில் மட்டும் ஒற்றை வரி மல்லிகை வைத்தால் போதும். சம்பங்கி அழகுதான், ஆனால் ஒவ்வொரு பூவும் தடி, ஜடை முழுக்க வைத்தால் கழுத்து பின்னால் சாயும். சாமந்தியும் அப்படியே. முழு ரோஜா வேண்டாம், இதழ் மட்டும். நந்தியாவட்டை மொட்டு மல்லிகைக்குப் பதிலாக ஜடையில் வைப்பது வழக்கம்தான், பறித்த இடத்தில் பால் வடியும், பால் வடிந்து காய்ந்தபிறகு எடுத்துத் தையுங்கள். அரளி மட்டும் வீட்டுப் பக்கமே வேண்டாம். நிறம் கண்ணைப் பறிக்கும், கோயில் மாலையில் எல்லாம் இருக்கும், ஆனால் செடி முழுக்க விஷம், ஜடையை முன்னால் எடுத்துப்போட்டு வாயில் வைத்துக் கடிக்கிற வயதுப் பிள்ளைக்கு அது கூடவே கூடாது.

வாங்கின பூவை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி மெதுவாகத் தட்டுங்கள். மல்லிகைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் குட்டிப் பூச்சி இருக்கும், எறும்பும் இருக்கும், தலையில் ஏறினபிறகு பிள்ளை சொறிந்து சொறிந்து மொத்தத்தையும் கலைத்துவிடுவாள்.

நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது, மல்லிகை வைப்பதாக இருந்தால் இது முக்கியம். விடியற்காலை பறித்த மொட்டு அன்று மாலையே விரிந்துவிடும், அதன் சுபாவம் அது. கொலு மாலையில்தான் என்பதால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அன்று காலையில் மொட்டு வாங்கி, மதியத்துக்குள் தைத்து, ஈரத்துணியில் சுற்றி, டிபன் டப்பாவில் போட்டு மூடி, ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். நாலரை மணிக்கு எடுத்து மாட்டினால், நீங்கள் இரண்டாவது வீட்டுக்குப் போகும்போது பூ விரிந்து வாசம் கிளம்பும். துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள், தண்ணீர் நின்ற மொட்டு பழுப்பாகிவிடும். விசேஷம் காலையில் என்றால் முந்தின ராத்திரியே தைத்த மல்லிகை ஜடை விடிவதற்குள் விரிந்து டிசைன் எல்லாம் பஞ்சுப்பொதியாகிவிடும், அப்போது கனகாம்பரத்தையே நம்புங்கள்.

மார்கழி, தையில் பனியால் மல்லிகை வரத்துக் குறைந்து விலை எங்கேயோ போய்விடும், அதே மல்லிகை சித்திரை, வைகாசியில் கொட்டிக் கிடக்கும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கும் இதே கதைதான். அதனால் பொங்கலுக்குப் பூ ஜடை என்றால், அல்லது பூவே கிடைக்காத ஊரில் இருந்தால், துணிப் பூவில் செய்துவிடுங்கள். கடையில் விற்கிற செயற்கை மல்லிகைச் சரத்தை அதே பட்டையில் அதே மாதிரி தைக்கலாம். வீட்டிலேயே செய்வதாக இருந்தால் சாட்டின் ரிப்பனைச் சின்னச் சின்னதாக வெட்டி மடித்து, ஓரத்தை மெழுகுவத்தியில் லேசாகக் காட்டினால் பிரியாது (இது பெரியவர் வேலை). கலர் கிரேப் பேப்பர் வேண்டாம், வேர்வையில் சாயம் இறங்கிச் சட்டை முதுகெல்லாம் சிவப்பாகிவிடும். துணி ஜடைக்கு ஒரு பெரிய வசதி, நவராத்திரி ஒன்பது நாளும் அதையே மாட்டலாம், தினமும் கனகாம்பரம் ஒரு சரம் மட்டும் புதிதாகச் சுற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது.

சரி, தலைக்கு வருவோம்.

தலைக்குக் குளிப்பதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். அன்றைக்கே குளித்த முடி வழுக்கும், ஹேர்பின் நிற்காது. எண்ணெய் வழியவிட்டாலும் அதே கதி, பூவும் எண்ணெயில் கருகும். தீபாவளி போல அன்று காலையில் எண்ணெய்க் குளியல் கட்டாயம் என்கிற நாளில், முடி வேர் வரை நன்றாகக் காய்ந்தபிறகுதான் கை வைக்கவேண்டும். ஈர முடியை இழுத்துக் கட்டினால் சுலபமாக அறுந்துபோகும், மேலே பூவும் சேர்ந்து மூடிக்கொண்டால் சாயந்திரத்துக்குள் ஒரு வாடை வரும்.

அப்புறம், உடையை முதலில் போடுங்கள். இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஜடை மாட்டி முடித்தபிறகு தலைவழியாகச் சட்டையை இறக்க முடியாது. பாவாடை சட்டை, வளையல், பொட்டு, பாத்ரூம் போய்வருவது எல்லாம் முடிந்து, தோளில் ஒரு துண்டைப் போட்டு, பிறகுதான் சீப்பை எடுக்கவேண்டும். பிள்ளை தரையிலோ குட்டி முக்காலியிலோ, நீங்கள் அதற்குப் பின்னால் நாற்காலியில். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிடுங்கள், பின்னால் நடப்பது தெரியாத எரிச்சலில்தான் பாதி நேரம் திரும்புவார்கள். நடுவில் எந்த நிறம் வைப்பது என்று முன்கூட்டியே அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது, தன் ஜடை என்ற பெருமையில் கொஞ்சம் கூடுதலாக உட்காருவாள்.

நேர்வகிடு எடுத்து, முடி மொத்தத்தையும் பின்னால் வாரி, காதின் மேல்நுனி உயரத்தில் ஒரு குடுமி. வெறும் ரப்பர் பேண்டு வேண்டாம், கழற்றும்போது முடியை அறுத்துக்கொண்டு வரும், துணி சுற்றின பேண்டு போடுங்கள். தோள் வரை முடி என்றால் குடுமி ஒரு சாண்கூட வராது, பரவாயில்லை. அதை மூன்று காலாகப் பின்னி, நுனியை மேலே மடித்து, குடுமியின் அடியிலேயே இன்னொரு பேண்டால் கட்டிவிடுங்கள், பள்ளிக்கூடத்துக்கு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டுவோமே, அதுதான். இப்போது ஒரு சின்ன வளையம் கிடைத்திருக்கும். பட்டையின் இரண்டு நாடாவையும் இந்த வளையத்துக்குள் ஒருமுறை நுழைத்து, பிறகு பேண்டுக்கு மேலாகக் குடுமியைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முடிச்சு. பட்டையின் தலைப்பில் இரண்டு யூ பின், ஒன்று வலமிருந்து, ஒன்று இடமிருந்து, ஒன்றுக்கொன்று குறுக்காகக் குடுமியின் அடிமுடியில் நுழையவேண்டும், மண்டையைக் குத்தாமல் மண்டையோடு ஒட்டினாற்போலப் போகவேண்டும். பின் முனையில் பிளாஸ்டிக் குமிழ் கழன்றிருந்தால் அந்தப் பின்னைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஜடை ஆடாமல் இருக்கட்டும் என்று சட்டை முதுகில் ஊக்கு குத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், குழந்தை குனிந்து செருப்பு மாட்டினால் முடி மொத்தமும் பிடுங்கிக்கொள்ளும்.

நாடா, பேண்டு, பின் எல்லாம் தெரிகிற அந்த இடத்தைச் சுற்றி ஒரு சரம் பூ, வட்டமாக. அதன் நடுவில் ராக்கொடி (பின்தலையில் வைக்கிற வட்ட நகை) இருந்தால் வைக்கலாம், இல்லாவிட்டால் ஒரு சின்ன ரோஜா. முடிந்தது ஜடை. ஒத்திகையை மட்டும் முந்தின நாளே, பூ இல்லாத வெறும் பட்டையை வைத்துப் பார்த்துவிடுங்கள், முடிச்சு நழுவுகிறதா, நீளம் சரியா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

இறுக்கம் சரியா என்று பார்க்க ஒரு வழி. நெற்றியோரம், காதுக்கு முன்னால், பிடரி, இந்த மூன்று இடத்திலும் முடியின் அடியைப் பாருங்கள். முடி கிளம்புகிற இடத்தில் தோல் கூம்பிக் குட்டிக் குட்டி மேடாக நின்றால் இறுக்கம் அதிகம். புருவம் மேலே ஏறின மாதிரி இருந்தாலும் அப்படித்தான். விரலால் முடியைக் கொஞ்சம் முன்னால் தள்ளித் தளர்த்துங்கள், அரை செ.மீ. தளர்ந்தால்கூட முகம் மாறிவிடும். ஒருநாள் பண்டிகைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இறுக்கி இழுத்துக் கட்டுவதையே வழக்கமாக வைத்திருந்தால் நெற்றியோரத்தில் முடி உதிர்ந்து ஏறிக்கொண்டே போகும், தோல் மருத்துவர்கள் இதற்கென்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், டிராக்ஷன் அலோபீஷியா. பிள்ளை "வலிக்குது" என்றால் அடம் என்று நினைக்காதீர்கள், தளர்த்துங்கள்.

சவுரி கேட்டீர்கள். இந்த வயதுக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். நீளம் வேண்டும் என்பதற்காகத்தான் சவுரி, அந்த நீளத்தைப் பட்டையே கொடுத்துவிடுகிறது, பின்னே எதற்கு கனம்? இரவல் சவுரி என்றால் பேன் வேறு கூடவே வரும். தைத்து முடித்த ஜடையைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், குஞ்சலத்தோடு சேர்த்து 100 கிராமுக்குள் இருக்கவேண்டும், இது நான் சின்னப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் கணக்கு. தாண்டினால் முதலில் கழற்றவேண்டியது குஞ்சலத்தை. பித்தளைக் குஞ்சலத்துக்குப் பதில் பட்டுநூல் குஞ்சலம் வாங்கினால் எடையே தெரியாது, மூன்று குச்சம் தொங்குவதும் அழகுதான்.

நகை விஷயத்திலும் இதே கனக் கணக்குதான். நெற்றிச்சுட்டி, வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரப் பிறை, இந்த மூன்றும் இருந்தால் பிள்ளை சின்ன ஆண்டாளாகவே மாறிவிடுவாள். ஆனால் வாடகைக்குக் கிடைக்கிற பரதநாட்டிய செட் பெரியவர்கள் தலைக்குச் செய்தது, குழந்தையின் தலையில் நழுவி நழுவிக் கண்ணுக்கு மேல் வந்து நிற்கும். லேசான குழந்தை சைஸ் செட்டாகப் பாருங்கள். சுட்டியின் கொக்கியை முடியில் மாட்டுவதோடு விடாமல், வகிட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு சின்ன ஹேர்பின், சுட்டியின் சங்கிலியைப் பிடித்தாற்போல. சுட்டி நெற்றிப் பொட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்கட்டும். எத்தனை பின் குத்தினீர்கள் என்று எண்ணி எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி கழற்றும்போது அத்தனையும் கையில் வரவேண்டும்.

ஜடையே வேண்டாம், வேறு ஏதாவது என்று பிள்ளை மனம் மாறினால் (மாறும்) ஆண்டாள் கொண்டை இருக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்த்து உச்சியில் குடுமி போட்டு, பழைய காலுறையின் நுனியை வெட்டி வளையமாகச் சுருட்டி அதில் மாட்டி, மேலே முடியைப் பரப்பிப் பின் குத்தி, சுற்றிலும் கனகாம்பரம். கறுப்புக் காலுறையாக இருக்கவேண்டும், அது போதும். முதுகில் எதுவும் தொங்காது என்பதால் ஓடியாடுகிற பிள்ளைகளுக்கு உண்மையில் இதுதான் வசதி. எனக்குக்கூட ஜடையைவிட இதுதான் பிடிக்கும், ஆனால் பூ ஜடை என்று கேட்கிற பிள்ளையிடம் இதைக் காட்டிச் சமாதானம் செய்ய முடியாது.

போட்டோவை மாட்டிய உடனே எடுத்துவிடுங்கள். அந்தக் கால ஸ்டூடியோ போட்டோவில் பெண் பக்கவாட்டில் நிற்க, பின்னால் நிலைக்கண்ணாடியில் ஜடை முழுக்கத் தெரியுமே, அதுபோல வீட்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நிறுத்தி எடுத்தால் முகமும் ஜடையும் ஒரே படத்தில் கிடைக்கும். வெளியே கிளம்பும்போது காரில் சாய்ந்து உட்கார்ந்தால் பூ நசுங்கும், ஜடையை முன்பக்கம் தோள்மேல் எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கொலுப்படியில் விளக்கு எரியும், அதன் முன்னால் குனிந்து நமஸ்காரம் பண்ணும்போது ஜடை வழிந்து முன்னால் விழும், அந்த ஒரு நொடி மட்டும் உங்கள் கை ஜடை நுனியில் இருக்கட்டும், துணிப் பூவாக இருந்தால் இன்னும் கவனம். தீபாவளியானால் மத்தாப்பு கொளுத்தும் முன்பே ஜடையைக் கழற்றிவிடவேண்டும், ஹேர் ஸ்பிரே அடித்த தலையோடு பட்டாசுப் பக்கம் போகவே கூடாது, அது குபீரென்று பற்றக்கூடியது. குழந்தைக்கு ஸ்பிரே அடிக்கவே வேண்டாம் என்பேன், மூச்சில்தான் போகும்.

தூங்கும் முன் கட்டாயம் கழற்றுங்கள், காரிலேயே தூங்கிவிட்டாலும் எழுப்பாமல் மடியில் வைத்துக் கழற்றிவிடலாம். முதலில் சுட்டி, பிறகு சூரிய சந்திரன், பிறகு பின்கள், கடைசியில் நாடா. முடிச்சு அவிழாவிட்டால் நாடாவை வெட்டுங்கள், இழுக்காதீர்கள், புது நாடா தைத்துக்கொள்ளலாம். பேண்டில் சிக்கின இடத்தில் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்துக்கொண்டு போங்கள், கடைசியில் பிடரியை விரலால் கொஞ்சம் நீவிவிட்டால் அப்படியே தூங்கிப்போவாள். மறுநாள் பட்டையிலிருந்து வாடின பூவை வெட்டி எடுத்துவிட்டு, துணியை அலசிக் காயவைத்து எடுத்து வைத்தால் அடுத்த விசேஷத்துக்குப் பூ மட்டும் வாங்கினால் போதும்.

சின்னவளுக்கு: 2 வயசுப் பிள்ளைக்கு ஹேர்பின் வேண்டாம், சுட்டி வேண்டாம், தொங்குகிற எதுவும் வேண்டாம், பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வாள். முடி இருந்தால் இரண்டு பக்கமும் குட்டிக் குடுமி, ஒவ்வொன்றையும் சுற்றி நாலு விரல் நீளத்துக்குக் கனகாம்பரம், கறுப்பு நூலால் குடுமியோடு கட்டிவிட்டால் போதும். மொட்டை போட்டு முளைத்துக்கொண்டிருக்கிற தலை என்றால் தொளதொளப்பான துணி ஹேர்பேண்டில் அக்கா ஜடையில் மிஞ்சின சரத்தைத் தைத்து மாட்டுங்கள், பத்து நிமிஷத்தில் அவளே கழற்றிவிடுவாள், அதற்குள் போட்டோ எடுத்துவிடவேண்டும். மாட்டுகிற வரிசையில் மட்டும் சின்னவளை முதலில் முடித்துவிடுங்கள், அக்காவுக்கு முதலில் போட்டால் காத்திருக்கிறவள் அந்த ஜடையைப் பிடித்துத்தான் தொங்குவாள்.